வேலைக்குப் போக மின்சாரச் சைக்கிள்: கட்டுபடியாகுமா?

ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட மணி அடித்துப் பிள்ளைகளெல்லாம் கலைந்து போன பின், ஓர் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார். முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, தோட்டத்துக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் சமையற்கட்டில் வேலை பார்க்கிறார். அவருடைய இளைய மகள் நம்மிடம் படித்தவள். இப்போது இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம். அந்த அம்மா கையில் கடை விளம்பரத் தாள் ஒன்று இருந்தது. அதை நம் மேசைமேல் விரித்து வைத்து, "வாத்தியாரையா, கூட்டுப் பணம் இந்த மாசம் எனக்கு விழுது. இதை வாங்கலாமா, வேணாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

தாளில் இருந்தது ஒரு மின்சார ஸ்கூட்டர். விலை 1,899 வெள்ளி. "லைசென்ஸ் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், செலவே இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கூட்டுப் பணம் என்றால் என்ன என்று இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட பணம் அது. அதை ஒரு விளம்பரத் தாளை நம்பிக் கொடுத்துவிடலாமா? "பொறும்மா, உட்கார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றோம்.

அன்று கரும்பலகையில் போட்ட கணக்கைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மின்சாரச் சைக்கிள் என்று பேச்சுவழக்கில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு சாமான்கள். ஒன்று, பெடல் மிதித்து ஓட்டும் சைக்கிள். நாம் மிதிக்கும்போது கூடவே ஒரு சிறு மோட்டாரும் சேர்ந்து தள்ளும். ஜப்பானில் யமாஹா நிறுவனம் 1993-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த வகைதான். மற்றொன்று, மிதிக்கவே வேண்டாத மோட்டார் சைக்கிள். எஞ்சினுக்குப் பதிலாக மின் மோட்டார், அவ்வளவுதான். முதல் வகைக்கு மலேசியத் தரநிர்ணயம் ஒன்று உண்டு; அதன் எண் எம்.எஸ். 2514. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கு மேற்படக் கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் தன் உதவியை நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த அளவைத் தாண்டிவிட்டால் அது சைக்கிள் அல்ல, மோட்டார் சைக்கிள். அதற்குப் பதிவு எண் வேண்டும், காப்புறுதி வேண்டும், ஓட்டுபவருக்கு லைசென்சும் தலைக்கவசமும் வேண்டும்.

இன்னும் ஒன்று. நின்றுகொண்டே ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு 2021 டிசம்பரில் அரசிதழில் வந்த விதிகள் தடை போட்டுவிட்டன. பொதுமக்களுக்கு இதைப் போக்குவரத்து அமைச்சு 2022 ஏப்ரலில் அறிவித்தது. பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த அம்மா கொண்டுவந்த தாளில் மோட்டார் சக்தி 800 வாட், வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. பெடலே இல்லை. அப்படியானால் "லைசென்ஸ் வேண்டாம்" என்று மேலே பெரிய எழுத்தில் போட்டது எப்படிப் பொருந்தும்? மறுநாள் நாமே கடைக்குத் தொலைபேசியில் பேசி, "சாலைப் போக்குவரத்து இலாகாவில் இதைப் பதிவு செய்ய முடியுமா?" என்று கேட்டோம். "தோட்டத்துக்குள்ளே ஓட்டுறதுதானே சார், யார் பிடிக்கப் போறா?" என்று பதில் வந்தது. பிடிப்பது ஒருபுறம் இருக்கட்டும். விபத்து என்று ஒன்று நேர்ந்தால், பதிவும் காப்புறுதியும் இல்லாத வண்டிக்கு எந்த நிறுவனம் பணம் கொடுக்கும்? மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பது கடைக்காரர் அல்லவே. அந்தத் தாளை அன்றோடு மடித்து வைத்தாயிற்று.

இனி, மிதிக்கும் வகையைப் பார்ப்போம். சாதாரணமாக மனிதர் ஒருவர் களைப்பில்லாமல் சைக்கிள் மிதிக்கும்போது அவர் கால்கள் கொடுக்கும் சக்தி ஏறக்குறைய 75 முதல் 100 வாட். 250 வாட் மோட்டார் கூடச் சேர்ந்தால், இரண்டு மூன்று பேர் பின்னாலிருந்து தள்ளுவதற்குச் சமம். மேட்டில் ஏறும்போதுதான் இதன் அருமை தெரியும். நம் தோட்டங்களில் மேடு பள்ளத்துக்குப் பஞ்சமா? பால்வாளியைச் சைக்கிளில் கட்டி மேட்டில் தள்ளிக்கொண்டு போன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தப் பெரியவர்களில் ஒருவர் நம் சைக்கிளை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது அன்னிக்கே இருந்திருந்தா என் முட்டி தப்பிச்சிருக்குமே" என்று சிரித்தார்.

அந்த அம்மாவின் வீட்டிலிருந்து வேலையிடம் 7 கிலோமீட்டர். போக வர 14. மாதம் 26 நாள் வேலை என்றால் 364 கிலோமீட்டர். இப்போது ஒரு வேனில் மாதம் 120 வெள்ளி கொடுத்துப் போய் வருகிறார். அந்த வேன் மூன்று தோட்டங்களைச் சுற்றி ஆள் ஏற்றுவதால், ஏழு மணி வேலைக்கு அதிகாலை 4.50-க்கே வாசலில் நிற்க வேண்டும். மாலையிலும் அதே சுற்று.

மின்சாரச் செலவைப் பார்ப்போம். வீட்டு மின்சாரம் பயன்படுத்தும் அளவைப் பொறுத்து யூனிட்டுக்கு விலை மாறும். நாம் 45 காசு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டோம். இந்த வகைச் சைக்கிள் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 வாட்-மணி சாப்பிடும். 364 கிலோமீட்டருக்கு நாலரை யூனிட் ஆகும். சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்து 5 யூனிட். மொத்தம் 2 வெள்ளி 25 காசு. ஆமாம் நேயர்களே, மாதத்துக்குத்தான்! ஒரு தே தாரிக் விலை. இதைக் கரும்பலகையில் எழுதியதும் அந்த அம்மா, "அப்போ விளம்பரத்திலே சொன்னது சரிதானே, செலவே இல்லையே?" என்றார்.

அவசரப்படக் கூடாது. விளம்பரம் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பேட்டரி.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வண்டியின் உயிர் அதுதான். பணம் ஓட்டை வழியாகப் போகும் இடமும் அதுதான். பேட்டரியின் மேல் வோல்ட் என்றும் ஆம்பியர்-மணி என்றும் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 13 ஆம்பியர்-மணி என்றால் 468. அதுதான் அதில் அடங்கிய வாட்-மணி. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எத்தனை கேலன் பிடிக்கும் என்பது போல இது. அதை 12-ஆல் வகுத்தால் 39 கிலோமீட்டர் ஓடும் என்று தெரியும். கடைக்காரர் 60, 70 என்று சொன்னால், அது சமதரையில், மெலிந்த ஆள், நன்றாக மிதித்துக்கொண்டே போன கணக்கு. சொன்ன தூரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரைதான் நம் செம்மண் சாலையில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியிலும் இரு சாதி. ஈய-அமிலப் பேட்டரி பழையது. 1859-இல் பிரான்சு நாட்டில் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தது. லாரியிலும் காரிலும் பார்த்திருப்பீர்கள். லித்தியம்-அயன் பேட்டரி 1991-இல்தான் சோனி நிறுவனத்தின் மூலம் கடைக்கு வந்தது; நம் கைத்தொலைபேசிக்குள் இருப்பதும் அந்த இனம்தான். மலிவு விலை ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் ஈய-அமிலம்தான் இருக்கும். 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணிப் பேட்டரி நான்கை அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 கிலோ. நான்கும் சேர்ந்தால் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு போவது போல. முழுவதும் தீரும்வரை ஓட்டி ஓட்டிச் சார்ஜ் போட்டால் 300 தடவைக்குள்ளேயே தளர்ந்துவிடும். லித்தியம் இதைவிட நெடுநாள் வரும். நல்லதாக இருந்தால் 500 தடவையும் அதற்கு மேலும் முழுச் சார்ஜ் தாங்கும். அதற்கும் வெயில் எமன். துத்தநாகக் கூரையின் கீழ் நடுப்பகலில் வைத்தால் வயது குறையும். நம் நாட்டு வெப்பத்தில் மூன்றரை ஆண்டு என்று கணக்குப் போடுவது பாதுகாப்பு.

இங்கே நம் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நாமும் ஒரு மின்சாரச் சைக்கிள் வைத்திருக்கிறோம். ஆண்டு இறுதி விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போனபோது, பேட்டரி தீர்ந்த நிலையிலேயே சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனோம். ஆறு வாரம் கழித்து வந்து சார்ஜரைச் செருகினால் விளக்கே எரியவில்லை. லித்தியம் பேட்டரி காலியாகக் கிடந்தால், தானே மேலும் வடிந்து, மீள முடியாத நிலைக்குப் போய்விடும் என்பதை 650 வெள்ளி கொடுத்துக் கற்றுக்கொண்டோம். விடுமுறைக்குப் போகும்போது பாதிச் சார்ஜில், நிழலான இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் இப்படிச் செய்யலாமா என்று வீட்டில் இன்றுவரை கேட்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். தரச் சான்று உள்ள, லித்தியம் பேட்டரி கொண்ட ஒரு மின்சாரச் சைக்கிளை அந்த அம்மாவுக்குப் பட்டணத்துக் கடையொன்றில் விசாரித்தோம். விலை 2,400 வெள்ளி. மாற்றுப் பேட்டரி 900 வெள்ளி என்றார்கள். மாற்றுப் பேட்டரியின் விலையை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம். 900 வெள்ளியை மூன்றரை ஆண்டுக்கு, அதாவது 42 மாதத்துக்குப் பிரித்தால் 21 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. 25 என்றே வைப்போம். டயர், பிரேக் கட்டை, சில்லறைப் பழுதுக்கு மாதம் 10. மின்சாரம் 2.25. ஆக மொத்தம் 37 வெள்ளி சொச்சம். வேனுக்குக் கொடுக்கும் 120-இல் இதைக் கழித்தால் மிச்சம் 82 வெள்ளி. சைக்கிளின் விலையான 2,400 வெள்ளி திரும்பக் கைக்கு வர முப்பது மாதம், அதாவது இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குப் பிறகுதான் லாபம்.

"இரண்டரை வருஷமா!" என்று அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவரே கேட்டார்: "சைக்கிள்னா நான் எத்தனை மணிக்குக் கெளம்பணும் வாத்தியாரையா?" ஏழு கிலோமீட்டரை மெதுவாகப் போனாலும் 25 நிமிடத்தில் கடக்கலாம். 6.20-க்குக் கிளம்பினால் போதும். அதிகாலையில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். "அந்த நேரத்துலே மகளுக்கு ஏதாச்சும் ஆக்கிக் கொடுத்திட்டுப் போவேன். இப்போ வெறும் வயித்தோடதான் பள்ளிக்கூடத்துக்குப் போறா" என்றார். அதைக் கேட்டபின், கரும்பலகையில் எழுதிய 82 வெள்ளி கணக்கில் பாதியே என்று நமக்குத் தோன்றியது. தூக்கத்துக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் நாம் விலை போடவே இல்லையே.

ஆனாலும் உடனே "வாங்குங்கள்" என்று சொல்லிவிடவில்லை. சாலையைப் பார்க்க வேண்டும் என்றோம். அவர் போகும் 7 கிலோமீட்டரில் ஆறு கிலோமீட்டர் செம்பனைக் காட்டுச் சாலை. பெரிய சாலையை ஓரிடத்தில் கடக்க மட்டும் வேண்டும். இதுவே ஆறு கிலோமீட்டரும் லாரி ஓடும் பெரிய சாலையாக இருந்தால், மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் ஒரு சைக்கிளை அந்த லாரிகளுக்கு நடுவே விடச் சொல்ல நமக்கு மனம் வராது. எவ்வளவு பணம் மிச்சமானாலும் சரி. அதிகாலை 6.20 என்பது நம் நாட்டில் இன்னும் இருட்டு. முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டை, சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தலைக்கவசம். இவையும் விலையோடு சேர்ந்தவைதான். காட்டுச் சாலையில் பெண்பிள்ளை தனியாகப் போவதும் சரியல்ல. பக்கத்து லயத்தில் இன்னொரு அம்மா அதே தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்; இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு.

இதே வாரத்தில் நம் பழைய மாணவர் ஒருவரும் வந்தார். இளைஞர். தொழிற்பேட்டையில் வேலை. போக 24, வர 24 கிலோமீட்டர். கடன் அடைத்து முடித்த சாதாரண மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதை விற்றுவிட்டு, பதிவு பெற்ற மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தவணையில் எடுக்கலாமா என்பது அவர் கேள்வி. அவருக்கும் கணக்குப் போட்டோம். மாதம் 1,248 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் நடைமுறைக்கு வந்த உதவித்தொகைத் திட்டத்தில் ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்தக் கணக்கில் 55 வெள்ளி. மின்சார வண்டிக்கு நூறு கிலோமீட்டருக்கு 4 யூனிட் என்று வைத்தால் 50 யூனிட், 22 வெள்ளி 50 காசு. எண்ணெயில் மிச்சம் 33 வெள்ளிதான். எஞ்சின் எண்ணெய் மாற்றுவது, பிளக் போன்றவற்றையும் சேர்த்தால் மாதம் 50. ஆண்டுக்கு 600. ஆனால் அந்த வண்டியின் பேட்டரிக்குக் கடையில் அவருக்குச் சொன்ன விலை 2,700 வெள்ளி. தினமும் 48 கிலோமீட்டர் ஓட்டினால் மூன்று ஆண்டில் அது களைத்துவிடும். ஆண்டுக்கு 900! மிச்சம் பிடித்ததற்கு மேல் பேட்டரியே விழுங்கிவிடும். தவணை வட்டி தனி. "தம்பி, உன் பழைய வண்டியே போதும். சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, டயர்க் காற்றைச் சரிபார்த்து ஓட்டு" என்றோம். நம் நாட்டில் பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும்வரை, சிக்கனமான சிறிய மோட்டார் சைக்கிளை மின்சார வண்டி விலைக் கணக்கில் வெல்வது கடினம். அக்கம்பக்கத்து நாடுகளில் பெட்ரோல் விலை வேறு. அவர்கள் கணக்கும் வேறு.

ஓர் இடைச்செருகல். அந்த 1.99 வெள்ளி விலை, நீல அடையாள அட்டையும் செல்லத்தக்க லைசென்சும் உள்ளவர்களுக்குத்தான். தொடங்கிய வேளையில் மற்றவர்களுக்கு லிட்டர் 2 வெள்ளி 60 காசு. அடையாள அட்டைச் சிக்கலில் இன்னும் நிற்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். லைசென்சும் எடுக்க முடியாமல் நிற்கும் அவர்களுக்கு, மிதிக்கும் மின்சாரச் சைக்கிள் கணக்கில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும்.

மோட்டார் சைக்கிள் வகையை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு: 2023 டிசம்பரில் அரசாங்கம் ஒரு கழிவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேற்படாதவர்கள் உள்நாட்டில் பொருத்தப்பட்ட மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கினால் 2,400 வெள்ளி கழிவு என்று அப்போது அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் கால வரம்பும் இருக்கும். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், கழிவு கிடைத்ததற்கான காகிதத்தைப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

இனி, சார்ஜ் போடும் விஷயம். இதை அழுத்திச் சொல்கிறோம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சாதாரண நெருப்புப் போல அல்ல; நொடியில் சீறிக்கொண்டு எரியும். நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். நம் லயத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பல இடங்களில் பலகைச் சுவர். ஆகவே வீட்டின் ஒரே வாசலை அடைத்தபடி சைக்கிளை நிறுத்திச் சார்ஜ் போடக் கூடாது. அங்கே தீப்பிடித்தால் ஓடுவதற்கு வழி இல்லை. எல்லோரும் தூங்கும் நேரத்திலும் போடக் கூடாது. மாலை வேலை முடிந்து வந்ததும், பேட்டரி சூடு ஆறும்வரை அரை மணி நேரம் விட்டு, விழித்திருக்கும்போதே போட்டு எடுத்துவிட வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் கூடாது. ஒரே பிளக்கில் மூன்று வயர் செருகிய பழைய நீட்டிப்புக் கம்பியும் கூடாது. பேட்டரி கீழே விழுந்து உப்பினாலோ, இனிப்பு வாசனை போல ஏதாவது வந்தாலோ, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மாலையில் இடி மின்னல் தொடங்கினால், பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தொலைக்காட்சிக்குச் செய்வது போலத்தான். ஜெனரேட்டர் மின்சாரத்தில் இருக்கும் தோட்டங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அங்கே வாங்கும் முன் தோட்ட மின் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மழையில் ஓட்டலாமா? ஓட்டலாம். தூறலும் சேறும் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். வெள்ளத்தில் இறக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிக் கழுவவும் கூடாது. வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? பெடல் மிதித்து வந்து சேரலாம்; ஆனால் 25 கிலோவுக்கு மேல் கனக்கும் சைக்கிளை மேட்டில் மிதிப்பது எளிதல்ல. நாம் ஒரு முறை தள்ளிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அந்த அம்மா சைக்கிளை வாங்கிவிட்டார். கூட்டுப் பணத்திலேயே முழுவதும் கொடுத்து முடித்தார், தவணை இல்லை. சேமநிதியிலிருந்தும் எடுக்கவில்லை. எட்டு மாதம் ஆகிறது. முதல் மாதத்தில் பின்சக்கரத்தில் ஆணி ஏறி ஒருநாள் சம்பளம் போனது. மோட்டார் பின்சக்கரத்தில் இருப்பதால் பட்டணத்துச் சைக்கிள் கடையில் கழற்றத் தயங்கினார்களாம். இப்போது அந்த வேலையை அவர் மகளே கற்றுக்கொண்டாள். இரண்டு நாளைக்கு ஒரு முறை சார்ஜ். ஒவ்வொரு முறையும் சமையலறை நாட்காட்டியில் ஒரு சிறு கோடு போட்டு வைக்கிறார். சென்ற வாரம் போயிருந்தபோது எண்ணிக் காட்டினார்: 104 கோடுகள். ஐந்நூறு வரும்போது பேட்டரி எப்படி இருக்கிறது என்று வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நாமும் அதைக் குறித்து வைத்திருக்கிறோம்.